ஒரு வரியில் ஓடிப்போன ஒன்பது வருஷம்

தம்பி,

நாவல் படித்துத்தான் நானும் உன் மனைவியும் கெட்டுப்போனோம் என்று போன வெள்ளிக்கிழமை ஃபோனில் சொன்னாய். "அவ முன்னாடி இப்படியெல்லாம் பேசினதே இல்லம்மா. கடைக்குள்ள உக்காந்து கண்ட கண்ட கதையப் படிச்சிட்டு என்னைய வில்லனாக்கிட்டீங்க" என்றாய். பாதிப் பேச்சிலேயே வைத்தும் விட்டாய். நான் திரும்ப எடுக்கவில்லை. ஃபோனில் வாதாட எனக்கு வராது. நான் ஒரு விஷயத்தை எடுத்துச் சொல்லி முடிப்பதற்குள் யாராவது வந்து அரைத் தேங்காய் கேட்பார்கள், சொல்ல வந்தது போய்விடும். அதனால் எழுதுகிறேன். நாங்கள் என்னென்ன படித்தோம், படித்துவிட்டு என்ன நினைத்தோம், அவள் ஏன் உன்னிடம் அப்படிப் பேசினாள் என்று எல்லாவற்றையும் எழுதுகிறேன். முழுவதும் படித்த பிறகு கோபப்படு. அதுவரை பொறு.

இதை மற்றவர்களும் படிக்கப் போகிறார்கள் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். அது உன் மனைவியின் யோசனை. அலுவிகாரையில் நம் ரோட்டில் மட்டும் கத்தாரிலும் டுபாயிலும் ஆள் இருக்கிற வீடுகள் எத்தனை என்று உனக்கே தெரியும். "நம்ம வீட்டுக் கதை மட்டும் இல்லையே அத்தை, பேர மாத்திட்டுப் பத்திரிகைக்குக் குடுங்க" என்றாள். ஆகவே இதில் அவளுக்குத் தர்ஷினி என்று பெயர். அவளே தேர்ந்தெடுத்தது. நாங்கள் சேர்ந்து படித்த முதல் நாவலின் கதாநாயகி பெயர் அது. அந்தப் பெண் அத்தியாயத்துக்கு ஒரு தடவை மயங்கி விழுவாள். "எனக்குத்தான் மயங்கி விழ நேரமில்ல, பேராவது இருக்கட்டும்" என்று சிரித்தாள்.

கல்யாணம் முடிந்து இரண்டு மாதத்தில் நீ கத்தாருக்குக் கிளம்பினாய். அதற்குப் பிறகு ஒரே ஒரு லீவு. வந்த புதிதில் தர்ஷினி அதிகம் பேசமாட்டாள். நாவலப்பிட்டிப் பக்கத்துப் பிள்ளை, இங்கே அவளுக்கு யாரையும் தெரியாது. சமைப்பாள், துணி துவைப்பாள், கடையில் எனக்குத் துணையாக நிற்பாள், கேட்டதற்குப் பதில் சொல்வாள். ஒரே வீட்டுக்கு வந்த இரண்டு விருந்தாளிகளைப் போல நாங்கள் ஒருவருக்கொருவர் மரியாதையாக இருந்தோம். ஒரு நாள் மாத்தளை டவுனுக்குப் போனவள் லைப்ரரியில் சேர்ந்து ஒரு நாவல் எடுத்துக்கொண்டு வந்தாள். என்னைக் கண்டதும் அதைப் பைக்குள் தள்ளினாள். "எதுக்கு ஒளிக்கிற? நீ படிச்சிட்டு எனக்குக் குடு" என்றேன். "அத்தை, நீங்க படிப்பீங்களா?" என்று அவள் கேட்ட விதம், நான் பைலட்டாக இருந்தேன் என்று சொன்னதைப் போல இருந்தது.

நான் படிப்பேன் என்பது உனக்கே தெரியாது, பிறகு அவளுக்கு எப்படித் தெரியும்? றத்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் இருந்தபோது பொட்டலம் கட்டி வரும் பேப்பரைக்கூட விடமாட்டேன். நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனேன் அல்லவா, அந்த நாலு வருஷமும் தமிழ் எழுத்தைக் கண்ணால் காண்பதே அபூர்வம். மேடம் வீட்டுக்கு வரும் இந்திய அரிசி மூட்டையில் மட்டும் இரண்டு வரி தமிழ் இருக்கும். ஈரம் படாமல் வைக்கவும் என்றோ என்னவோ. அதை நின்று படித்த பிறகுதான் மூட்டையைப் பிரிப்பேன். ஊருக்கு வந்ததும் கடை போட்டோம், உன் படிப்பு, வீடு கட்டுவது என்று காலம் போய்விட்டது. இப்போதுதான் எனக்கு நேரம் கிடைத்திருக்கிறது. ஆள் வராத நேரத்தில் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து, பருப்பு நிறுக்கிற தராசுத் தட்டில் புத்தகத்தைச் சாய்த்து வைத்துப் படிக்கிறேன். அவள் வாசல் பக்கத்து ஸ்டூலில். ஒரே புத்தகமாக இருந்தால் அவள் முன்னால் போவாள், நான் பின்னால். "எங்க நிக்கிறீங்க அத்தை?" என்று கேட்பாள். நான் நிற்கிற இடத்தைச் சொன்னதும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். அடுத்த பக்கத்தில் ஏதோ நடக்கப் போகிறது என்று எனக்குத் தெரிந்துவிடும்.

முதலாவது அந்த மயங்கி விழுகிற பெண்ணின் கதை. இப்போது எல்லாரும் படிப்பது அந்த மாதிரிதானாம். லைப்ரரியில் அதற்கு வரிசையில் காத்திருக்கிறார்கள். கதாநாயகன் பெரிய கம்பெனி முதலாளி. அவனுக்கு எப்போதும் கண் சிவந்திருக்கும், தாடை இறுகியிருக்கும். அவன் சாப்பிடுவதாக ஒரு இடத்திலும் வரவில்லை, அதுதான் கோபத்துக்குக் காரணம் என்று நான் சொன்னேன். கட்டாயக் கல்யாணம், பிறகு வெறுப்பு, பிறகு மழை, மழையில் காதல். எழுதியவருக்கு மழை என்றால் நனைவதற்கு மட்டும்தான். எங்களுக்கோ மழை வந்தால் முதலில் சீனி மூட்டையை உள்ளே இழுக்க வேண்டும். அதில் வருகிற மாமியார், காலை ஐந்து மணிக்கே பட்டுச்சேலை கட்டிக்கொண்டு மருமகளைத் திட்டுகிறாள். "இவங்களுக்கு வேற வேலையே இல்லையா?" என்று நான் கேட்டேன். தர்ஷினி கொஞ்சம் தயங்கிவிட்டு, "நான் வரும்போது நீங்களும் இப்படித்தான் இருப்பீங்கன்னு நெனச்சேன் அத்தை" என்றாள். அன்றைக்குத்தான் நாங்கள் முதன்முதலாகச் சேர்ந்து சிரித்தோம். கதை எவ்வளவு மட்டமாக இருந்தாலும் அதற்காக அந்த எழுத்தாளருக்கு நான் கடன்பட்டவள். இன்னொன்றும் சொல்ல வேண்டும். மட்டம் என்று சொல்லிக்கொண்டே அதன் இரண்டாம் பாகத்தையும் மூன்றாம் பாகத்தையும் படித்து முடித்தேன். முடிக்காமல் இருக்க விடமாட்டார்கள், அது அவர்களுடைய கெட்டித்தனம்.

பிறகு ஒரு கொலை நாவல். நம்முடைய ரிவர்ஸ்டன் மலையிலேயே நடக்கிற கதை என்று அவள் ஆசையாகக் கொண்டுவந்தாள். எழுதியவர் ரிவர்ஸ்டனைப் படத்தில் மட்டும்தான் பார்த்திருக்க வேண்டும். அதில் ஒரு பெண் பௌர்ணமி வெளிச்சத்தில் பாட்டுப் பாடிக்கொண்டு கொழுந்து எடுக்கிறாள். யாருக்கு எடுக்கிறாள், யார் நிறுப்பது? ஒரு அட்டைகூட யாரையும் கடிக்கவில்லை. கொலைகாரன் மலை உச்சியில் காரியத்தை முடித்துவிட்டு ஓடி, பத்து நிமிஷத்தில் றத்தோட்டை பஸ் ஸ்டாண்டில் பிளேன்டீ குடிக்கிறான். நான் புத்தகத்தை மூடிவிட்டேன். தர்ஷினி விடவில்லை. "கதைன்னா அப்படித்தான் அத்தை, யாரு கொன்னாங்கன்னு தெரிய வேணாமா? நேத்து நான் சோத்த அடிப்பிடிக்க விட்டதே இதாலதான்" என்றாள். இதற்கு வாக்குவாதம் முற்றி, உன் அப்பா ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் இரண்டு பேரையும் த்ரீவீலில் ஏற்றிக்கொண்டு ரிவர்ஸ்டனுக்கே போனார். மேலே போகப்போகப் பனிப்புகார் மூடிக்கொண்டது, முன்னால் போகிற வேன்கூடத் தெரியவில்லை. காற்று த்ரீவீலின் திரையைப் பிய்த்தது. அப்பா வழியில் நிறுத்தி, கீழே வளைந்து வளைந்து போகிற ரோட்டை எட்டிப் பார்த்தார். "பத்து நிமிசமா? இவன் கொலைகாரன் இல்லடி, பறவை" என்றார். திரும்பி வரும்போது தர்ஷினியின் காலில் அட்டை. ஊர் திரும்பும்வரை சிரித்துக்கொண்டே இரத்தத்தைத் துடைத்தாள். உனக்கு அனுப்பிய படத்தில் நாங்கள் மூன்று பேரும் நனைந்துபோய் நிற்கிறோமே, அது அன்றைக்கு எடுத்தது. நீ "சூப்பர்" என்று பதில் போட்டிருந்தாய். அவ்வளவுதான்.

இனி நீ கேட்க வேண்டிய நாவலுக்கு வருகிறேன். இரண்டு பாகம், ஒவ்வொன்றும் செங்கல் கனம். போன வருஷம் முழுக்க அதைப் பற்றித்தான் பேச்சாம். கதாநாயகியின் புருஷன் கல்யாணம் முடிந்த வாரமே வெளிநாடு போகிறான். அவள் ஒன்பது வருஷம் காத்திருக்கிறாள். மாமனார் மாமியாரைப் பார்க்கிறாள், கிடைத்த வேலையை வேண்டாம் என்கிறாள், ஒருவரிடமும் முகம் சுளிப்பதில்லை. கடைசியில் அவன் நரைத்த தலையோடு விமான நிலையத்தில் இறங்குகிறான், அவள் அதே கல்யாணச் சேலையில் நிற்கிறாள். அத்தோடு கதை முடிகிறது. எனக்கு அந்த நாவல் பிடித்திருந்தது. கடைசி அத்தியாயத்தில் அழுதேன், கடைக்கு வந்த பிள்ளைக்குச் சவர்க்காரத்துக்குப் பதிலாக மெழுகுதிரி கொடுத்து அனுப்பினேன். அப்பாவுக்கும் பிடித்திருந்தது. அவர் படிக்கமாட்டார், பின்னேரம் வந்து பிளேன்டீயைக் கையில் வைத்துக்கொண்டு, "இன்னைக்கு என்ன ஆச்சு? அந்தப் பய வந்தானா?" என்று கேட்பார், நான் சொல்வேன். தர்ஷினி எனக்கு முன்னாலேயே படித்து முடித்திருந்தாள். ஆனால் இந்தத் தடவை வாயைப் பொத்திச் சிரிக்கவில்லை, எங்கே நிற்கிறீர்கள் என்றும் கேட்கவில்லை. நான் அதைக் கவனித்தேன், காரணம் கேட்கத் தோன்றவில்லை.

நான் முடித்த அன்று மத்தியானம் நல்ல மழை. கடையில் ஆளில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "என்ன மாதிரிப் பொண்ணு இவ! எவ்வளவு பொறுமை!" என்றேன். அவள் என் கையிலிருந்து புத்தகத்தை வாங்கினாள். ஏதோ பக்கம் காட்டப் போகிறாள் என்று நினைத்தேன். அப்படியே வெங்காய மூட்டை மேல் வீசிவிட்டாள்.

"லைப்ரரிப் புத்தகம்!" என்று கத்தினேன். எனக்கு வாயில் வந்தது அதுதான்.

அவள் போய் அதை எடுத்தாள், தூசியைத் தட்டினாள், ஒரு பக்கத்தைப் பிரித்து என் முன்னால் வைத்தாள். "இதப் படிங்க அத்தை. சத்தமாப் படிங்க."

படித்தேன். ஒன்பது ஆண்டுகள் உருண்டோடின என்று இருந்தது. அதற்குக் கீழே கொஞ்சம் இடம் விட்டு, விமானம் தரையிறங்கியது.

"பாத்தீங்களா? அந்த ஆளு ஒரே வரியில எழுதிட்டாரு. பொண்ணு பாக்க வந்ததுக்கு மட்டும் நாப்பது பக்கம், ஒம்பது வருசத்துக்கு ஒரு வரி. உருண்டோடிச்சாம். எதுவும் உருண்டு ஓடல அத்தை. ஒவ்வொரு நாளும் நின்னு நின்னுதான் போவுது. காலையில நான் எந்திரிச்சா உங்க மகன் அங்க தூங்கிக்கிட்டு இருப்பாரு. அவரு வேலை முடிஞ்சு வரும்போது நான் சமைச்சுக்கிட்டு இருப்பேன். வெள்ளிக்கிழம லீவுல ஃபோன் எடுத்து, சாப்பிட்டியான்னு கேப்பாரு, சாப்பிட்டேன்னு சொல்லுவேன். நீங்க சாப்பிட்டீங்களான்னு கேப்பேன். படம் நின்னுரும். அவரு வாய் தெறந்தபடியே நிப்பாரு. அதுக்கு முன்னாடி அழுதுகிட்டு இருந்தேன்னு சொல்லவா முடியும்? இவ ஒம்பது வருசத்துல ஒரு நாள்கூட அழலியா? இவளுக்குப் பல்லு வலிக்கலியா? கல்யாண வீட்டுக்குப் போனா யாரும் வந்து, என்னம்மா இன்னும் விசேசம் ஒண்ணும் இல்லையான்னு கேக்கலியா?"

"உன்னைய யாரு கேட்டா?" என்றேன்.

"எல்லாருந்தான் கேக்குறாங்க. புருசன் கத்தார்ல இருக்கான்னு தெரிஞ்சே கேக்குறாங்க." சொல்லிவிட்டு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்போடு அழுகையும் வந்தது. நான் அவளைப் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்தேன். ஒரு ஆள் குடையை மடக்கிக்கொண்டு வந்து கருவாடு கேட்டார். "இப்ப இல்ல, அப்புறம் வாங்க" என்றேன். கருவாடு அவர் கண் முன்னாலேயே தொங்கியது.

அன்று பின்னேரம் அந்த நாவலை மறுபடி எடுத்துப் புரட்டினேன். அவள் சொன்னது சரி. எழுதத் தெரிந்த ஆள்தான், ஆனால் எழுத வேண்டிய இடத்தைத் தாண்டிக் குதித்துவிட்டார். அந்தப் பெண்ணின் பொறுமையைப் புகழ்ந்து பக்கம் பக்கமாக எழுதுகிறவர், அவள் எதைப் பொறுத்தாள் என்று ஒரு நாளைக்கூட எழுதவில்லை. நான் ஏன் அழுதேன் என்றும் யோசித்தேன். குவைத்தில் இருந்தபோது எனக்காக ஒரு வீடு அப்படியே அசையாமல் காத்துக்கொண்டிருக்கிறது என்று நினைத்துத்தான் நாளைக் கழித்தேன். தூரத்தில் இருக்கிறவர்களுக்கு அந்த நினைப்பு தேவை. இந்த நாவலும் தூரத்தில் இருக்கிறவர்களுக்காக எழுதினதுதான். வீட்டில் இருக்கிறவர்கள் படித்தால் வெங்காய மூட்டைக்குத்தான் போகும். படித்து முடித்த பிறகு ஒரு நாவலைப் பற்றிய என் கருத்து தலைகீழாக மாறியது இதுதான் முதல் தடவை. மாற்றியது இன்னொரு வாசகி. அவள் என் மருமகள் என்பதில் எனக்குப் பெருமைதான்.

அடுத்த தடவை லைப்ரரிக்கு நானே போனேன். சிங்களப் புத்தக அலுமாரியில் தேடி, மெல்லிசாக ஒரு நாவல் எடுத்தேன். தர்ஷினிக்குச் சிங்களம் பேச வரும், வாசிக்க வராது. அதனால் நான் கடையில் உட்கார்ந்து சிங்களத்தில் பார்த்துத் தமிழில் சொல்லிக்கொண்டே போவேன், அவள் அரிசி புடைத்தபடி கேட்பாள். பெரிய ரோட்டோரத்தில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிற ஒரு புருஷன் பெண்சாதி கதை. அவ்வளவுதான் கதை. கொலை இல்லை, கம்பெனி இல்லை. பருப்புக் கறிக்கு எவ்வளவு மிளகாய், கடன் கேட்டு வருகிற மச்சானை உள்ளே விடுவதா, மழைக்கு ஒழுகுகிற கூரைக்கு யார் ஏறுவது என்று ஒவ்வொரு அத்தியாயத்திலும் சண்டை. சண்டை போட்டபடியே இரண்டு பேரும் ஒரே பீங்கானில் மிச்சச் சோற்றைச் சாப்பிடுவார்கள். நான் சமீபத்தில் படித்ததில் இதுதான் எனக்கு முதலாவது. எதையும் தாண்டிக் குதிக்காமல் எழுதியிருக்கிறார்.

பாதிக் கதையில் ஒரு நாள், நம் எதிர்வீட்டுச் சோமா அக்கா தேயிலை வாங்க வந்தவர் கொஞ்சநேரம் நின்று கேட்டார். "ஐயோ, இது நான் படிச்சிருக்கு! கடைசில மனுசன் செத்துப் போறதுதானே!" என்று தன் சிங்களத் தமிழில் சொல்லிவிட்டு, தேயிலையை வாங்கிக்கொண்டு சந்தோஷமாகப் போய்விட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. மீதியைப் படித்து என்ன பிரயோசனம் என்று மூடப் போனேன். தர்ஷினி சுளகைக் கீழே வைத்தாள்.

"படிங்க அத்தை. செத்தா சாகட்டும். அதுக்கு முன்னாடி அவ அவன்கூட எவ்வளவு சண்டை போட்டிருக்கா! எனக்குப் பொறாமையா இருக்கு. நான் அவருகூட இதுவரைக்கும் ஒரு சண்டகூடப் போட்டதில்ல. போட்டா சமாதானம் ஆகுறதுக்குள்ள அடுத்த வெள்ளிக்கிழம வந்துரும்."

தம்பி, நாவல் படித்து அவள் கெட்டுப்போனது இவ்வளவுதான். தன்னிடம் ஏற்கெனவே இருந்ததற்கு வாய் கிடைத்தது. வெள்ளிக்கிழமை உன்னிடம் அவள் சொன்னதும் இதுதான்: "கொன்ட்ராக்ட்ட இன்னொரு தடவ நீட்ட வேணாம், வந்துருங்க." நீ அதற்கு, மேல்மாடி யாருக்காகக் கட்டுகிறேன் என்று கேட்டாய். யாருக்காக என்று நானும் யோசித்துப் பார்த்தேன். அப்பாவுக்கு முழங்கால் வலி, படியேற மாட்டார். நான் பகல் முழுக்கக் கடையில். கீழே இருக்கிற அறையிலேயே அவள் ஒற்றையாகப் படுத்திருக்கிறாள், அவளுக்கு மேலே இன்னும் இரண்டு வெற்று அறை எதற்கு? மேசன் நேற்று வந்து, எப்போது தொடங்குவது என்று கேட்டார். வேறு வேலை இருந்தால் பாருங்கள், இப்போதைக்கு இல்லை என்று சொல்லி அனுப்பினேன். அப்பாவிடம் கேட்டுத்தான் சொன்னேன். அவர் ஒரே கேள்விதான் கேட்டார்: "நம்ம பய வர்றானா?"

இதுவரைக்கும் எழுதிவிட்டு இரண்டு மூன்று நாள் அப்படியே வைத்திருந்தேன். அனுப்புவதற்குள் செவ்வாய்க்கிழமை நீயே அவளைக் கூப்பிட்டாய். வெள்ளிக்கிழமை இல்லாத நாளில் உன் அழைப்பு வந்ததும் நிறுத்துக்கொண்டிருந்த பருப்பை அப்படியே விட்டேன். அவள் ஃபோனை எடுத்துக்கொண்டு கடைக்குப் பின்னால் போனாள். பிறகு அவள் குரல் உயர்ந்தது. "அப்போ என்னைய எதுக்குக் கட்டுனீங்க? மேல்மாடியக் கட்டியிருக்க வேண்டியதுதானே!" என்றது ரோட்டுக்கே கேட்டது. பாண் வாங்க வந்த ஒரு அம்மா என்னைப் பார்த்தார். நான் பாணைப் பார்த்தேன். நடுவில் இரண்டு தடவை லைன் போனது போலிருக்கிறது, இரண்டு தடவையும் மணி அடித்தது, நீ விடவில்லை. பஸ்கள் வந்து போயின, பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் டொபி வாங்கிப் போனார்கள், அதுவரைக்கும் பேசினீர்கள். வெளியே வந்தபோது அவள் மூக்கு சிவந்து, முடி கலைந்திருந்தது. நான் எதையும் கேட்காமல் பிளேன்டீ ஊற்றினேன். ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "அத்தை, நல்லா சண்ட போட்டோம்" என்றாள். பரீட்சை பாஸ் பண்ணின பிள்ளையின் முகம் அவளுக்கு. "கையெழுத்துப் போடலியாம். தைப்பொங்கலுக்கு முன்னாடி வர்றாராம்."

அப்பாவுக்கு அடக்க முடியவில்லை. விமான நிலையத்துக்கு வேன் பேச அன்றைக்கே கிளம்பினார். பொங்கலுக்கு இன்னும் மாதங்கள் இருக்கின்றன என்று சொல்லி நிறுத்தினேன்.

நாவல்கள் விமான நிலையத்தில் முடிந்துவிடுகின்றன, தம்பி. அதற்குப் பிறகு நடப்பதை எழுத யாருக்கும் தைரியம் வரவில்லை போலும். அதை நான் சொல்கிறேன். நீ விட்டுப்போன பெண் இங்கே இல்லை. இந்தத் தர்ஷினி ஸ்கூட்டி ஓட்டுகிறாள். அப்பாதான் பள்ளிக்கூட மைதானத்தில் சொல்லிக்கொடுத்தார், நீ பயப்படுவாய் என்று உன்னிடம் சொல்லவில்லை. கடைச் சாமான் எடுக்க டவுனுக்கு அவள்தான் போகிறாள், மொத்த வியாபாரிகளிடம் என்னைவிட நன்றாகப் பேசுகிறாள். காலையில் பாலர் பாடசாலையில் படிப்பித்துவிட்டு வருகிறாள். நீ வந்து ஏ.சி. திருத்துகிற வேலை தேடும்போது, தம்புள்ளைப் பக்கத்து ஹோட்டல்களில் யாரைக் கேட்க வேண்டும் என்பதைக்கூட விசாரித்து வைத்திருக்கிறாள். இதையெல்லாம் பார்த்து, நான் இல்லாமலேயே வீடு ஓடிக்கொண்டிருந்திருக்கிறது என்று உனக்கு முதல் வாரத்திலேயே வலிக்கும். எனக்கும் வலித்தது.

குவைத்திலிருந்து நான் வந்து இறங்கியபோது நீ அப்பாவின் காலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாய். என்னை "அந்த அம்மா" என்றாய். சரி, பிள்ளை மெல்ல மெல்ல வரும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அடுத்த நாள் காலை உங்கள் இரண்டு பேருக்கும் சம்பல் இடிக்கலாம் என்று குசினிக்குள் போனேன். உப்பைக் காணவில்லை. நான் வைத்த இடத்தில் இல்லை. அப்பா நாலு வருஷமாக எல்லாவற்றையும் தன் வசதிக்கு மாற்றி வைத்திருந்தார். ஒவ்வொரு டின்னாகத் திறந்தேன். பருப்பு, தூள், உன் விளையாட்டுக் கோலி, எல்லாம் இருந்தது. என் வீட்டில் உப்பு எங்கே என்று இன்னொருவரைக் கேட்பதா என்று எனக்கு வீம்பு. மூடிகளைப் பட் பட்டென்று அடித்து மூடினேன். சத்தம் கேட்டு அப்பா வாசலில் வந்து நின்றார். அவரும் பயந்துபோயிருந்தார் என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை.

"தேடாத. கேளு" என்றார்.

நான் கேட்கவில்லை. தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் நின்று அழுதேன். அப்போது நீதான் மெல்ல வந்து, என் முகத்தைப் பார்க்காமல், ஜன்னல் தட்டில் இருந்த பழைய ஜாம் போத்தலை விரலால் காட்டினாய். நீ எனக்காகச் செய்த முதல் காரியம் அது. உனக்கு நினைவிருக்காது.

வா, ராசா. வந்து கொஞ்ச நாளைக்கு இந்த வீட்டில் விருந்தாளியாகவே இரு, பரவாயில்லை. கோபம் வந்தால் கத்து, அவளும் கத்தட்டும், சத்தத்துக்கு நாங்கள் கடைக்குப் போய்விடுகிறோம். ஆனால் எதையாவது காணவில்லை என்றால் டின்களைத் திறந்து அடித்து மூடிக்கொண்டு நிற்காதே. அவளிடம் கேள். முதல் நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் சொல்லுவாள். மறுபடியும் கேள்.

அம்மா